வாகனமும் நாமும்: சிவப்பு விளக்கில் நிற்கும்போது வரும் கடகடச் சத்தம்

சென்ற இதழில் குளிர்கால ரயர் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் கோவிலிலும் மரக்கறிக் கடையிலும் என்னைக் கண்டவர்கள் ரயரைப் பற்றிக் கேட்டது குறைவு. முக்கால்வாசிப் பேர் கேட்டது இதைத்தான்: "ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் மட்டும் கடகடவென்று சத்தம் வருகிறது. எஞ்சின் போகப் போகிறதோ?" ஆகவே இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் படித்துப் பட்டம் எடுத்த மெக்கானிக் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரண தரத்துடன் பள்ளிக்கூடம் விட்டவன். இங்கே தகடு அடித்து வளைக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். ஆனால் தகடு எப்போது சத்தம் போடும், ஏன் போடும் என்பது அந்த வேலையில் காதுக்குப் பழகிவிடும். கார்ச் சத்தத்தில் பாதி தகட்டுச் சத்தம்தான்.

ஊரில் லான்ட்மாஸ்ரர் பார்த்திருப்பீர்கள். வயல் கரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் விட்டால் மட்காட், கொழுக்கி, பெட்டி எல்லாம் சேர்ந்து குதிக்கும். முறுக்கிப் பிடித்தவுடன் அந்தக் குதிப்பு அடங்கிவிடும். காரிலும் அதே கதைதான். சூடேறிய கார் எஞ்சின் நிற்கும்போது நிமிடத்துக்கு 600 முதல் 800 தரம் வரை சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. 750 சுற்று என்று வைத்தால் ஒரு விநாடிக்கு 25 உதைப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே உணரக்கூடிய உதைப்பு. தளர்ந்துபோன ஒரு தகடோ ஆணியோ இந்தத் தாளத்துக்கு ஆடத் தொடங்கினால் விடாமல் ஆடிக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால் தாளம் மாறிவிடும், தகடும் பேசாமல் இருந்துவிடும். அதனால், "நின்றால் வருகிறது, மிதித்தால் போகிறது" என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். உள்ளே உடைந்த எஞ்சின் அநேகமாக அப்படி நடப்பதில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடும்.

காரை யாரிடமும் கொண்டுபோக முன்னர் நீங்களே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு கடதாசியை எடுத்து எழுதுங்கள். சத்தம் எப்போது வருகிறது? காலையில் குளிரில் ஸ்ரார்ட் செய்தவுடனா, சூடேறிய பிறகா? கியர் பார்க்கில் இருக்கும்போதா, டிறைவில் போட்டு பிறேக்கை அமத்திப் பிடிக்கும்போதா? ஏசி போட்டால் கூடுகிறதா? ஸ்ரேறிங்கைத் திருப்பினால் மாறுகிறதா? முன்னுக்கா, காலுக்குக் கீழேயா, பின்னுக்கா? கைத்தொலைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்தும் வையுங்கள். கராஜுக்குக் கொண்டுபோனால் அன்றைக்கு மட்டும் கார் நல்ல பிள்ளையாக இருக்கும், எல்லோருக்கும் நடப்பதுதான்.

அதற்கும் முதல், வெட்கப்படாமல் காருக்குள் தேடுங்கள். கண்ணாடியில் தொங்கும் சிறு மணி, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், குவளை வைக்கும் இடத்தில் சில்லறை, பின்பெட்டிக்குக் கீழே கழன்று கிடக்கும் ஜக். ஒன்ராறியோவில் முன்னும் பின்னும் இலக்கத் தகடு உண்டு; அதன் ஒரு ஆணி இளகினாலும் போதும், எஞ்சினே விழுந்துவிட்டது போலக் கேட்கும். கையால் அமத்திப் பிடித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ஒரு ரப்பர் வாசரோடு வேலை முடிந்தது.

அடுத்தது ஒயில். இதைத் தாண்டி எதற்கும் போகவேண்டாம். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, ஒயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஒயில் இருக்கவேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள அளவு சுமார் ஒரு லீற்றர். கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால், ரைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனருக்கும், வால்வுகளைத் தள்ளும் லிப்ரர்களுக்கும் போதிய ஒயில் அழுத்தம் போகாது. அவை கிலுகிலுக்கத் தொடங்கும். ஒயில் ஊற்றும் மூடியிலோ, கைநூலிலோ 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். மலிவு விலைக்குக் கிடைத்தது என்று தடித்த ஒயிலை ஊற்றிச் சத்தத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு. புதிதாகக் கார் வாங்கப்போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, நீங்களே ஸ்ரார்ட் செய்து கேட்டு வாங்குங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

இனி ஒரு நடந்த கதை. எங்கள் தொடர்மாடியில், வந்து ஒன்றரை வருடமான ஒரு குடும்பம். ஒரு 2011ஆம் ஆண்டு கொறொல்லா வைத்திருக்கிறார்கள். அவருக்கு பேக்கரியில் இரவு வேலை, அவவுக்குக் காலையில் ஆங்கில வகுப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மூன்றுக்கும் அந்த ஒரு கார்தான். சத்தம் வந்ததும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொனற்றைத் திறந்து கேட்டுவிட்டு, "எஞ்சின் முடிஞ்சுது, மாத்தவேணும், 3,200 டொலர்" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை.

அவ என்னிடம் வந்து, "அண்ணை, சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் குடுக்கவேணும். அது அம்மான்ர கண் ஒப்பரேசனுக்கு எண்டு கட்டினது. வவுனியாவில நாளும் குடுத்திட்டினம்" என்றா.

"தங்கச்சி, சீட்டில கை வையாதேங்கோ. சனிக்கிழமை சத்தத்தைக் கேப்பம்" என்றேன்.

சனிக்கிழமை வெளி வாகனத் தரிப்பிடத்தில் பார்த்தோம். ஒயில் சரியாக இருந்தது. அப்போது அவ சொன்ன ஒரு விசயம்தான் பாதி வேலையை முடித்தது. "காலமை குளிருக்க ஸ்ரார்ட் பண்ணேக்க சத்தமில்லை அண்ணை. ஒரு அஞ்சு நிமிசத்தாலதான் தொடங்கும்." குளிர்ந்த எஞ்சின் ஆயிரத்துக்கும் மேலே சுற்றும், சூடேறச் சூடேற இறங்கி வரும். அப்படி இறங்கி வரும்போதுதான் இந்தச் சத்தம் பிடிக்கிறது. கணவர் கைபிறேக்கை இழுத்து, கால்பிறேக்கை நன்றாக அமத்திக்கொண்டு டிறைவில் போட்டார். காருக்கு முன்னும் பின்னும் ஒருவரையும் நிற்கவிடவில்லை. சத்தம் இரண்டு மடங்கானது. பார்க்கில் போட்டு 1,200 சுற்றுக்கு மிதிக்கச் சொன்னேன். சத்தம் அடியோடு நின்றது. நான் பக்கவாட்டில் குனிந்து கேட்டபோது அது எஞ்சினிலிருந்து வரவில்லை. முன் இருக்கைக்குக் கீழேயிருந்து வந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். இதில் அவசரம் கூடாது. புகைக்குழாயும், அதிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரும் ஓடும்போது பல நூறு பாகை வெப்பத்தில் இருக்கும். தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆறியபிறகு, கையுறை போட்டு, குழாய் வழியே முட்டியால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் 'சளங்' என்று பதில் வந்தது. குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய தகடு. ஹீற் ஷீல்ட் என்பார்கள், வெப்பம் தடுக்கும் தகடு. அதைப் பிடித்திருந்த ஒரு ஆணியின் தலையைச் சுற்றித் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்தது. ஆணி இருந்த இடத்தில் இருக்கிறது, ஆனால் தகட்டைப் பிடிக்கவில்லை. இங்கே குளிர்காலம் முழுவதும் றோட்டில் கொட்டும் உப்பு செய்கிற வேலை இது. எஞ்சினுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கனேடியன் ரயர் கடையில் ஹோஸ் கிளாம்ப் என்று கேளுங்கள். தண்ணீர்க் குழாயை இறுக்கும் பல் வைத்த வளையம். பட்டி, திருகு இரண்டுமே கறைபடாத உருக்கில் செய்ததாகப் பார்த்து வாங்கவேண்டும். பட்டி மட்டும் அப்படி இருந்து திருகு சாதாரண இரும்பாக இருந்தால் அடுத்த பனிக்குள் அது துருவேறி இறுகிவிடும், திரும்பக் கழற்ற முடியாது. குழாயையும் தகட்டையும் சேர்த்து ஒரு நூலால் சுற்றளவு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கிளாம்ப் எட்டாவிட்டால் இரண்டை ஒன்றோடொன்று கோர்த்துப் பெரிதாக்கலாம். தகடு ஆடுகிற இடத்துக்கு மேலால் சுற்றி, ஆட்டம் நிற்குமட்டும் இறுக்கினால் போதும். கோபத்தில் இறுக்கினால் தகடு நசுங்கிக் குழாயில் தட்டும். பிறகு புதிதாக ஒரு சத்தம் வரும். பக்கத்தில் ஒட்சிசன் சென்சரின் வயர் போகும், பட்டி அதில் முட்டக்கூடாது. மிஞ்சிய பட்டி நுனியை வெட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும். முதல்நாள் ஓட்டத்தில் கொஞ்சம் புகை மணம் வரலாம். பட்டியில் உள்ள ஒயில் எரிகிற மணம்தான் அது.

செலவு பத்து டொலருக்குள். அந்தக் கார் அதன்பிறகு இரண்டு குளிர்காலம் கண்டுவிட்டது. அம்மாவின் கண்ணும் குறித்த நாளிலேயே முடிந்தது.

கராஜ்காரர் ஏமாற்றினாரா, பார்க்காமல் சொன்னாரா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் காரை உயர்த்தாமல், கீழே ஒரு தடவை தட்டிப் பார்க்காமல், எஞ்சின் மாற்றவேண்டும் என்று சொன்னவருக்கு நான் என் சைக்கிளையும் கொடுக்கமாட்டேன்.

"அந்தத் தகட்டைப் பிய்த்து எறிந்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள், செய்தும் விடுகிறார்கள். வேண்டாம். தரைக்கும் கம்பளத்துக்கும், பெற்றோல் குழாய்க்கும், வயர்களுக்கும் வெப்பம் போகாமல் இருக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் காய்ந்த சருகுக்கு மேலே காரை நிறுத்துகிறோம், அதையும் நினைத்துப் பாருங்கள். தரைக்கு அடியில் அலுமினியத் தகடு இருந்து, அதன் ஆணித்துளை பெருத்திருந்தால், அதே ஆணிக்கு ஒரு அகன்ற வாசர் போட்டு இறுக்கினால் சரி.

கீழே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரோடு வரும் ஜக் ரயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி ஒருவரும் காருக்குக் கீழே தலையை விடக்கூடாது. சமமான, கெட்டியான தரை வேண்டும். சில்லுக்குக் கட்டை வைத்து, ஜக் ஸ்ராண்ட் இரண்டில் காரை இருத்தி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே போகவேண்டும். வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். இவை இல்லாவிட்டால் தொலைபேசிக் கமராவைக் கீழே நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். தொடர்மாடிகளில் தரிப்பிடத்தில் திருத்த வேலை செய்ய விடாத நிர்வாகங்கள் பல, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைக்குழாய் பக்கம் போனதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிலருக்குக் கடகடச் சத்தம் அல்ல, 'டிக் டிக்' என்று விட்டுவிட்டுக் கேட்கும். குழாய் இணைப்பில் வெடிப்பு இருந்து புகை கசிகிறதாக இருக்கலாம். அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் இருந்து தலை இடித்தால், பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தால், சத்தத்தை மறந்துவிட்டுக் கண்ணாடியைத் திறந்து இறங்குங்கள். வீட்டோடு சேர்ந்த கராஜுக்குள் காரைச் சூடாக்குகிற பழக்கத்தை, கதவு திறந்திருந்தாலும், விட்டுவிடுங்கள். சத்தம் கேட்பதற்காகவும் உள்ளே ஓடவிடவேண்டாம், வெளியே எடுத்துவிட்டுக் கேளுங்கள். ஒன்ராறியோவில் 2014ஆம் ஆண்டு முதல் அப்படிப்பட்ட வீடுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது சட்டம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கொன்வேட்டரைத் தட்டும்போது உள்ளே கல்லுப்போட்ட ரின் போலக் குலுங்கினால், அதனுள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் நொறுங்கிவிட்டது. இது தகடு இறுக்குவது போல மலிவான வேலை அல்ல. ஏன் நொறுங்கியது என்றும் பார்க்கவேண்டும்; எஞ்சின் ஒழுங்காக எரியாமல் பெற்றோல் குழாய்க்குள் போவது வழமையான ஒரு காரணம். காரணத்தை விட்டுவிட்டுப் புதிதைப் போட்டால் அதுவும் போய்விடும்.

சத்தம் எஞ்சினின் பக்கவாட்டில், பெல்ற் ஓடும் பக்கத்தில் இருந்தால், நீளமான ஸ்குறூ டிறைவரின் நுனியை ஒவ்வொரு பாகத்தின் ஆடாத உடம்பிலும் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கலாம். டொக்ரர் நெஞ்சில் குழாய் வைப்பது போலத்தான். ஒல்ரநேற்றர், ஏசி கொம்பிறசர், பெல்ற்றை இழுத்துப் பிடிக்கும் சக்கரம், தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றில் எதன் பெயறிங் தேய்ந்ததோ அதில் அரைக்கிற சத்தம் கூடக் கேட்கும். சால்வை, தொங்கும் சங்கிலி, பின்னாத தலைமுடி, முழுக்கைச் சட்டை எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. பெல்ற்றைக் கழற்றிவிட்டு அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடவிட்டுக் கேட்பது மெக்கானிக்மார் செய்யும் வழி. பல கார்களில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ற்றில் ஓடுவதால் நீண்ட நேரம் விடக்கூடாது. பழக்கமில்லாதவர்கள் அதை அவர்களிடமே விடுங்கள்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்தாலும் டிறைவில் நிற்கும்போது ஆட்டம் கூடும். ஆனால் அதைக் காதைவிட ஸ்ரேறிங்கைப் பிடித்த கை அதிகம் உணரும். கியர் மாற்றும்போது 'டொம்' என்று ஒரு இடியும் வரும்.

இனி, ஓட்டத்தை உடனே நிறுத்தவேண்டியவை. ஒயில் சாடி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு வரை போவோம் என்று நினைக்கவேண்டாம். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். ஆழத்திலிருந்து 'டொக் டொக்' என்று பாரமாக வந்து, மிதிக்க மிதிக்க விரைவாகவும் பலமாகவும் வரும் தட்டல் உள்ளே பெயறிங் போன தட்டலாக இருக்கலாம். அதை ஓட்டினால் உண்மையாகவே எஞ்சின் போய்விடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் ஓட்டக்கூடாது. காலையில் ஸ்ரார்ட் செய்தவுடன் ஓரிரு விநாடி மட்டும் கரகரத்து அடங்குவது பெரும்பாலும் ரைமிங் செயின் பக்கத்து விசயம். அன்றைக்கே நிற்கவேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

பழைய ஆட்கள் சிலர் எல்லாத் தட்டலுக்கும் பெற்றோல் பிழை என்பார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். அந்தத் தட்டல் ஏற்றத்தில் மிதிக்கும்போது வருவது. எரிபொருள் நேரத்துக்கு முந்தி எரிவதால் வந்தது. நின்ற இடத்தில் வரும் கடகடப்புக்கு விலைகூடிய பெற்றோல் அடித்துப் பயனில்லை.

கராஜுக்குப் போகவேண்டி வந்தால், "எஞ்சினில் சத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கடதாசியைக் கொடுங்கள்: "சூடேறிய பிறகு, டிறைவில், பிறேக்கில் நிற்கும்போது, முன் இருக்கைக்குக் கீழே." இப்படிச் சொல்கிற ஆளிடம் எஞ்சின் விற்பது கடினம். ஆங்கிலம் வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். மெக்கானிக்கிடம் 310எஸ் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஒன்ராறியோவில் வேலை தொடங்க முன்னர் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்கலாம். எழுதிய தொகைக்கு மேல் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு அதிகமாக அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் தரவேண்டும். வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். புதிதாகப் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் இவற்றில் ஒன்றையும் பிறகு கேட்க முடியாது. அவர் எங்கள் ஊர்க்காரர் என்றாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பெரிய தொகை சொன்னால் அன்றைக்கே ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். காரை நிறுத்தச் சொல்லும் அடையாளம் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு நாள் பொறுப்பதால் எஞ்சினுக்கு ஒன்றும் வந்துவிடாது.

அடுத்த இதழில் பற்றறி பற்றி எழுதுகிறேன். குளிர் தொடங்க முன்னர் உங்கள் பற்றறியில் ஒட்டியிருக்கும் திகதியைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.